நாய்க்குத் தாளம் தெரியுமா?

கரோலின் ஸ்காட் என்ற அமெரிக்கப் பெண்மணியும் ரூக்கி என்ற அவருடைய கோல்டன் ரெட்ரீவர் நாயும் ‘கிரீஸ்’ படப்பாட்டுக்கு ஆடிய வீடியோ ஒன்று பல வருடங்களாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரூக்கி அவர் கால்களுக்கு நடுவே புகுந்து வரும், பின்னோக்கி நடக்கும், சுற்றிச் சுழலும். பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ‘பாட்டுக்கு ஏத்த மாதிரி எப்படி ஆடுது பாருங்க!’ இந்த விளையாட்டுக்கு ‘கேனைன் ஃப்ரீஸ்டைல்’ என்று பெயர். தங்கள் நாயோடு இதை ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். தவறான நம்பிக்கைகளும் கூடவே பெருகுகின்றன.

“நாய் பாட்டைக் கேட்டுத்தான் ஆடுகிறது”

இல்லை. தாளத்தைப் பிடித்து அசையும் விலங்குகள் எவை என்று அறிய அடீனா ஷாக்னர் குழுவினர் யூடியூப் வீடியோக்களை அலசி, 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையிலேயே தாளத்தோடு அசைந்தவை 14 வகைக் கிளி இனங்களும் ஓர் ஆசிய யானையும்தான். இத்தனை காலம் மனிதனோடு வாழ்ந்தும், இத்தனை ‘டான்ஸ்’ வீடியோக்கள் இருந்தும், அந்தப் பட்டியலில் நாய் இல்லை. கலிபோர்னியாவில் ரோனன் என்ற கடற்சிங்கம்கூடத் தாளத்துக்குத் தலையாட்டக் கற்றுக்கொண்டதாக 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது.

அப்படியானால் ரூக்கியின் காலடி பாட்டோடு ஒத்துப்போனது எப்படி? நாய்க்கேற்ற பாட்டை மனிதர்தான் தேடிப் பிடிக்கிறார். உங்கள் நாய் துள்ளுநடை போடும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். ஒரே ஒரு முன்னங்காலை மட்டும் பார்த்து, 10 நொடியில் அது எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 20 என்றால் நிமிடத்துக்கு 120. அதே வேகத் தாளமுள்ள பாட்டைப் போட்டால் நாய் தாளம் தவறாமல் நடப்பதுபோலவே இருக்கும். உங்களுக்குப் பிடித்த குத்துப்பாட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

நாய் கவனிப்பது உங்கள் உடம்பை. சுழலக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். ட்ரீட்டை விரல்நுனியில் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், தோள், இடுப்பு, வால் என்று மெதுவாக ஒரு வட்டம் போட்டால் நாய் பின்தொடர்ந்து சுற்றும். சில முறைக்குப் பிறகு வெறுங்கையால் அதே வட்டம். சுற்றி முடித்ததும் மற்றக் கையிலிருந்து ட்ரீட். பிறகு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து மணிக்கட்டின் அசைவாக்கி, கடைசியில் தோளை லேசாகச் சாய்ப்பதோடு நிறுத்திவிடலாம். பார்வையாளருக்கு அந்தத் தோள்சாய்வு நடனம். நாய்க்கு அது கட்டளை. இந்த விளையாட்டின் சூட்சுமம் முழுக்க இந்த ஏமாற்றுவேலையில்தான் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ரசித்தே சொல்கிறேன்.

“பின்னங்காலில் நின்றால்தான் நடனம்”

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. பிரிட்டனில் கென்னல் கிளப் நடத்தும் போட்டிகளில் இரண்டு பிரிவுகள் உண்டு. ‘ஹீல்வொர்க் டு மியூசிக்’ பிரிவில் ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்காவது நாய் ஆளை ஒட்டியே நடக்க வேண்டும். நான்கு காலும் தரையில்தான். ‘ஃப்ரீஸ்டைல்’ பிரிவில் சுதந்திரம் அதிகம். அங்கேயும் பின்னங்கால் நடை கட்டாயமில்லை. நாயின் உடம்புக்கு ஊறு செய்யும் அசைவுகளை நடுவர்கள் ஏற்பதில்லை.

குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை, அதாவது பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரைகூட, குதிப்பதும் பின்னங்காலில் நிற்பதும் வேண்டாம். நீண்ட முதுகுள்ள டாக்ஸ்ஹண்டுக்கு எந்த வயதிலும் வேண்டாம். முதுகெலும்பு வட்டு நழுவும் தொல்லை அந்த இனத்துக்கு அதிகம். நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் டைல்ஸ் தரை. வழுக்கும் தரையில் சுழலவிட்டால் கால் மூட்டு பிசகும். மொட்டைமாடியோ, வழுக்காத ரப்பர் விரிப்போ நல்லது. ஆனால் மாடித்தரை பகலில் சுடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

“பார்டர் கோலி இருந்தால்தான் நடக்கும்”

மேடைகளில் பார்டர் கோலி இன நாய்களே அதிகம் தென்படுவது உண்மை. ஆனால் 2012-இல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ டிவி நிகழ்ச்சியின் பட்டத்தை ஆஷ்லி பட்லர் என்ற பெண்ணோடு சேர்ந்து வென்ற பட்ஸி, பல இனங்கள் கலந்த நாய். கென்னல் கிளப் போட்டிகளிலும் கலப்பின நாய்கள் ஆடலாம். தெருவிலிருந்து தூக்கி வந்த நாயும் ஆடும். வயதான நாயும், வலியில்லாத அசைவுகளாகப் பார்த்துக் கொடுத்தால், கற்றுக்கொள்ளும்.

“சர்க்கஸ் மாதிரி, அடித்துத்தான் பழக்குகிறார்கள்”

நாயை அடித்து நடக்கவைக்கலாம்; ஆசையோடு ஓடிவரவைக்க முடியாது. பயந்த நாய் வாலை ஒடுக்கி, காதை மடக்கித்தான் நடக்கும். நடுவர் கண்ணுக்கு அது தப்பாது. 1990-களின் தொடக்கத்தில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இந்த ஆட்டத்தை ஆடிக்காட்டிப் பிரபலமாக்கிய மேரி ரே, ட்ரீட்டும் பாராட்டும் கொடுத்துப் பழக்குவதற்குப் பேர்போனவர்.

நாயின் திறமைக்கு டிவி நிகழ்ச்சிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். 2015-இல் அதே ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ நிகழ்ச்சியில் ஜூல்ஸ் ஓ’ட்வையரும் மத்தீஸ் என்ற நாயும் வென்றார்கள். அந்த ஆட்டத்தில் கயிற்றில் நடந்தது மத்தீஸ் அல்ல, சேஸ் என்ற வேறொரு நாய் என்பது பிறகுதான் தெரியவந்தது. பார்வையாளர்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேல் புகார்கள் குவிந்தன. போட்டிக் களத்தில் இதற்கு இடமில்லை: லீஷ் கிடையாது, கையில் ட்ரீட் கிடையாது, வெட்டி ஒட்ட எடிட்டரும் கிடையாது.

“எனக்கே ஆட வராதே!”

வர வேண்டாம். நேராக நடக்கவும், சட்டென்று திரும்பவும், குழப்பாமல் கைகாட்டவும் தெரிந்தால் போதும். கை ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி போனால் நாய் திண்டாடும். பழி மட்டும் அதன்மேல் விழும்.

தொடங்குகிறவர்கள் ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலோ ‘போதும்’ என்கிறது என்று பொருள். ட்ரீட் கடலைமிட்டாய் அளவில் வேண்டாம், கடலை அளவில் வேகவைத்த கோழித் துணுக்கு போதும். அதையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். முதல் சில வாரங்களுக்குப் பாட்டே போடாதீர்கள். நாய்க்கு அது தேவையில்லை, உங்கள் கையசைவையும் அது அவசரப்படுத்தும்.