உறுமி மேளக் குழுவின் தரத்தை அறிவது எப்படி?

தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா, தீமிதி என்று எந்த உற்சவம் வந்தாலும், காவடிக்கும் பால்குடத்துக்கும் முன்னே உறுமி மேளம் செல்வது மலேசியத் தமிழர்களிடையே நிலைபெற்ற வழக்கமாகி விட்டது. ஒரு காலத்தில் தோட்டப்புறங்களில் முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மன் பூசைகளில் ஒலித்த வாத்தியம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் நோக்கி வந்தபோது இதுவும் அவர்கள் தோளிலேயே வந்து சேர்ந்தது. இன்று இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவர்களும் அண்மையில் பள்ளியை விட்டு வந்த இளைஞர்களும்தான். அவர்களுக்கு ஆலயங்களும் அன்பர்களும் பொருளுதவி செய்து வருகின்றோம். ஆனால் ஒரு குழுவை நல்ல குழு என்று எதைக் கொண்டு முடிவு செய்கின்றோம்? உள்ளதைச் சொன்னால், சத்தத்தையும் சீருடையையும் கொண்டுதான். கொடுக்கும் பணம் அன்பர்களின் காணிக்கைப் பணம் என்பதால், கேட்கும் காதையும் நாம் கொஞ்சம் பழக்கிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வாத்தியத்தை அறிவோம். உறுமி, உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியது. ஆனால் அதைவிட மிகப் பெரியது. இருபுறமும் தோல் கட்டி, கயிற்றால் இழுத்து முடுக்கியிருப்பார்கள். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் உறுமலே வாத்தியத்தின் பெயராயிற்று. தமிழகத்தில் நையாண்டி மேளத்திலும் தேவராட்டத்திலும் இதைக் காணலாம். இங்கே அதனுடன் குச்சியால் அடிக்கும் இருமுக மேளங்களும் ஜால்ராவும் சேர்கின்றன.

தேய்ப்பு என்பது பார்ப்பதற்கு எளிது. வயலின் வில் தந்தியைப் பற்றுவதும் வழுக்குவதுமாக ஓசை எழுப்புவது போல, குச்சியும் தோலை நொடிக்குப் பலமுறை பற்றி விடுகிறது. அழுத்தம் சற்றுக் குறைந்தால் உறுமல் அறுந்து போகும். கூடினால் கீச்சென்று கதவு திறக்கும் சத்தம் வரும். ஆகவே ஒரு குழுவைப் பரிசோதிக்கும்போது மற்ற மேளங்களை நிறுத்திவிட்டு உறுமியை மட்டும் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். உறுமல் தாழ்ந்து, உயர்ந்து, மீண்டும் தாழ்ந்து, இடையில் அறாமல் வருமானால் அந்தப் பையன் வீட்டிலும் பழகுகிறான் என்று பொருள். கூட்டத்தில் கலந்து வாசிக்கும்போது இந்தக் குறை ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து காலப்பிரமாணம். விரைவாக அடிப்பதையே திறமை என்று கைதட்டுகிறோம். மெதுவாக அடிப்பதே கடினம். இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள வெறுமையைத் தாங்குவதற்குப் பயிற்சி வேண்டும். கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் யாரும் இதைச் சோதிக்கலாம். தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே தாளத்தை மறுபடியும் எண்ணுங்கள். 50 அடி இருந்தது 60 ஆகியிருந்தால், நிமிடத்துக்கு 100 ஆக இருந்த நடை 120 ஆகி விட்டது. நடந்துகொண்டிருக்கும் காவடிக்காரர் ஏறக்குறைய ஓட வேண்டியிருக்கும். அலகு குத்தி, தோளில் பாரம் சுமந்து, நோன்பிருந்து வருபவரின் காலை இந்தப் பையன்களின் கைதான் நடத்துகிறது. பத்துமலையின் 272 படிகளிலும், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளிலும் இது இன்னும் நன்றாகத் தெரியும். படியில் கூட்டம் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். கால் நின்றாலும் கை நிற்காமல், அதே காலத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். காலோடு சேர்த்தே தாளம் பழகிய பையன் அங்கே தடுமாறுவான்.

நடந்துகொண்டே வாசிக்கும் குழுவுக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. குறுகலான சாலையில் ஒரு குழு 17 மீட்டருக்கு நீண்டு விட்டதாக வைத்துக் கொள்வோம். முன்னவன் அடித்த அடி கடைசியில் நிற்பவன் காதில் விழ ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டு அவன் அடித்தால், அவனுடைய அடி முன்னவனுக்குத் திரும்பி வர இன்னொரு இருபதில் ஒரு பங்கு. ஆக மொத்தம் பத்தில் ஒரு பங்கு தாமதம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடிதான். அதில் ஐந்தில் ஒரு பகுதி போய் விட்டது! ஒற்றை அடி இரட்டை அடியாகக் கேட்பது இதனால்தான். பின்னவனுக்காக முன்னவன் காத்தால் நடை தொய்ந்து விடும். நல்ல குழு நெருங்கி நடக்கும். பின்வரிசைக்காரன் காதை நம்பாமல் தலைமை வாசிப்பவனின் குச்சியைக் கண்ணால் பார்த்து வாசிப்பான். கண்ணுக்குத் தாமதம் இல்லை. எனவே ஊர்வலத்தில் பின்வரிசைப் பையன்களின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசிப் படக்கருவியை நோக்கிச் சிரித்துக் கொண்டிருந்தால் பயிற்சி குறைவு என்று எழுதிக் கொள்ளலாம். (வகுப்பறையில் பின்வரிசையைப் பார்த்தே பழகிய கண் என்னுடையது; அதைக் கொஞ்சம் மன்னிக்க வேண்டும்.)

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயத் திருவிழாவுக்கு இரண்டு குழுக்களை மண்டபத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். ஒரு குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். பெயர் பொறித்த சட்டை, புதிய மேளங்கள். மற்றக் குழுவில் ஒன்பது பேர்; ஒரு மேளத்தின் கயிறு ஒட்டுப் போட்டது. முதற் குழு வாசித்தபோது சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நிர்வாகத்தில் பலரும் மகிழ்ந்தார்கள். பிறகு, கருவறையில் தீபாராதனை நடப்பதாக நினைத்து மெல்ல வாசியுங்கள் என்று கேட்டோம். அவர்களால் இயலவில்லை, ஓசையைக் குறைத்தவுடன் தாளமே கலைந்தது. ஒன்பது பேர் குழுவோ பேச்சுக் குரல் கேட்கும் அளவுக்கு ஓசையை இறக்கி, அதே நடையில் நின்று, தலைவன் குச்சியை உயர்த்தியதும் ஒரே அடியில் நிறுத்தியது. கடைசி அடிக்குப் பின் ஒரு தனிக் குச்சிச் சத்தமும் இல்லை. அவர்களில் ஆக இளையவனிடம், அந்தத் தாளத்தை வாயால் சொல் என்றேன். சொற்கட்டைத் தட்டாமல் சொன்னான், கையால் எட்டு எண்ணியபடியே. கற்பிப்பவர் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒலிப்பதிவைப் பார்த்துக் கற்றவனுக்குக் கை ஓடும், வாய் ஓடாது.

அந்த ஆண்டு நன்கொடை ஒன்பது பேருக்கே போயிற்று. நிர்வாகத்தில் அதற்கு மனத்தாங்கலும் இருந்தது. பெரிய குழுவின் பையன்களைக் கைவிட்டு விடுவதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திறமை இல்லாத பையன்கள் அல்லர் அவர்கள். ஆசிரியர் இல்லாத பையன்கள். மேளம் வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தது, வாரம் இருமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

ஒழுக்கத்தையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. குழுக்களிடையே ஏற்பட்ட சண்டைகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016 இல்தான் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. இரண்டு குழுக்கள் சாலையில் எதிர்ப்படும்போது யார் ஓசை பெரிது என்று மோதிப் பார்க்கிறார்களா, ஒதுங்கி வழிவிட்டு அடங்குகிறார்களா என்பதை மதிப்பெண்ணில் சேர்க்கலாம். திரைப்பாடல் மெட்டைப் பற்றிக் கேட்பார்கள். அடியேன் கருத்து, காவடிக்கு முன்னே அது வேண்டாம். காவடி இறக்கிய பின் பையன்கள் ஆசைக்கு எதையோ வாசித்தால் நான் காதைப் பொத்திக் கொள்வதில்லை.

காதைப் பொத்துவது என்றதும் இன்னொன்று. 85 டெசிபல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிலிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். மேளத்துக்கு அருகே 100 எளிதில் வந்து விடும். இப்பையன்களோ விடியும்வரை வாசிக்கிறார்கள். போன செவிப்புலன் திரும்பாது. காதடைப்பான் ஒரு சோடி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பயிற்சியிலும் ஊர்வலத்திலும் அதை அணிய வைக்கும் குழுத் தலைவர் உண்மையிலேயே பிள்ளைகளைப் பார்த்துக் கொள்பவர்.

ஆகவே, உறுமிக் குழுவுக்கு உதவ விரும்பும் அன்பர்கள் சீருடைக்கும் பதாகைக்கும் கொடுப்பதற்கு முன், மூன்று செலவுகளைக் கேட்டு அறியுங்கள்: கற்பிப்பவருக்கு மாதச் சன்மானம், மழையில் தளர்ந்த தோலையும் கயிற்றையும் மாற்றும் செலவு, காதடைப்பான். பயிற்சிக்கு ஆலய மண்டபத்தை வார நாள்களில் மாலை ஏழு முதல் எட்டரை வரை திறந்து விடலாம். அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். பரீட்சை மாதங்களில் பயிற்சி இல்லை என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம்.