பழைய பெட்ரோல் லாரிக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன்

சங்கங்களின் போக்குவரத்துச் செலவுக் கணக்கைப் பார்வையிடும்பொழுது, பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் இடங்களில் ஒரு பற்று மட்டும் திரும்பத் திரும்ப வரக் காண்கிறோம். ‘பாயிண்ட் செட் ஒன்று, கன்டென்சர் ஒன்று, மெக்கானிக் கூலி’ என்பதே அது. தொகை சிறிதுதான். ஆனால், விடியற்காலைச் சந்தைக்குப் போகவேண்டிய கத்தரிக்காய் மூட்டைகள் நடுவழியில் வாடியதும், நூல் வந்து சேராமல் தறிகள் ஓய்ந்து கிடந்ததும் எந்தப் பற்றிலும் ஏறுவதில்லை. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட, வண்டியை எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றிவிடலாம் என்று சில நிர்வாகக் குழுக்கள் எண்ணுகின்றன. எண்ணம் நல்லதே. எனினும், எதை வாங்குகிறோம், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பின்னரே சங்கப் பணத்தைச் செலவிட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். டீசல் லாரி வைத்திருப்போருக்கு இக்கட்டுரையால் பயனில்லை. டீசல் எஞ்சினில் காற்றை மிகவும் அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அங்கே ஸ்பார்க் பிளக்குக்கே வேலையில்லை. நாம் பேசுவது பெட்ரோல் வண்டியைப் பற்றி மட்டுமே. உதாரணத்துக்கு வில்லிஸ் வகை எப்.சி. 150 என்னும் சிறு லாரியை எடுத்துக்கொள்வோம். 1956-ல் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் பம்பாயில் மகேந்திரா நிறுவனத்தாராலும் செய்யப்பட்ட வண்டி இது. எஞ்சின் நான்கு சிலிண்டர் உடைய ‘ஹரிக்கேன்’; கொள்ளளவு 134 கன அங்குலம். ஜீப் வண்டியிலும் இதே எஞ்சின் பொருத்தப்பட்டதால், இதன் குணத்தை அறிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

பேட்டரியில் உள்ளது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்கவோ பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இதை உண்டாக்குவது காயில். காயிலின் தடித்த சுற்றில் மின்சாரம் ஓடும்பொழுது அதைச் சூழ்ந்து காந்தப்புலம் திரள்கிறது. அந்த மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பேரழுத்த மின்சாரம் பிறக்கிறது. அறுக்கும் வேலையைச் செய்பவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரு சிறு பாயிண்டுகள். நடுத்தண்டின் முனைகள் இடிக்கும்போதெல்லாம் அவை திறக்கின்றன. திறக்கும் கணத்தில் பாயிண்டுகளுக்கு இடையே பொறி தாவாதபடி மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கன்டென்சர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த ஏற்பாடு 1910-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்துப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இதைக் கொண்டே ஓடின என்றால், அதன் எளிமையே காரணம்.

எளிமையானதுதான், ஆனால் உழைப்பு கடுமையானது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 4,000 பொறிகள் வேண்டும். ஒரு மணி நேரத்தில் 2,40,000 தடவை அந்தப் பாயிண்டுகள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் இம்மியளவு கருகுகின்றன. ஒன்றில் பள்ளமும் மற்றொன்றில் மேடும் விழுகின்றன. தண்டின்மேல் உராயும் கட்டையோ தேய்ந்துகொண்டே வருகிறது. கட்டை தேயத் தேய 0.020 அங்குலம் இருக்கவேண்டிய இடைவெளி குறுகுகிறது, பாயிண்டுகள் தாமதித்துத் திறக்கின்றன, பொறியும் தாமதமாகிறது. ஒரே நாளில் நிகழ்வதன்று இது. டிரைவர் அறியாமலே இழுவை குறைந்து, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகி, ஒரு நாள் மேட்டில் வண்டி திணறும்போதுதான் மூடியைக் கழற்றுகிறோம்.

எலெக்ட்ரானிக் முறையில் காயிலும் பிளக்கும் அப்படியே இருக்கின்றன. மின்சாரத்தை அறுப்பது மட்டும் டிரான்சிஸ்டரின் பொறுப்பாகிறது. கிரைஸ்லர் நிறுவனம் 1973-ம் ஆண்டு மாதிரிகளில் இதை எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக்கியது. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொருத்துவதற்கென்று விற்கப்படும் ‘கிட்’டுகள் பலவற்றில், சிலிண்டருக்கு ஒன்றாகக் காந்தங்கள் பதித்த வளையம் ஒன்று தண்டில் ஏறிக்கொள்கிறது; பாயிண்ட் இருந்த இடத்தில் உணர்கருவியும் டிரான்சிஸ்டரும் அடங்கிய சிறு பெட்டி அமர்கிறது. காந்தம் அருகில் வரும்போது மின்னோட்டம் கடத்தியில் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்று எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த இயல்பே இதற்கு அடிப்படை. தொடுவதும் உராய்வதும் இல்லை. ஆகவே தேய்வதும் இல்லை.

இதனால் வண்டிக்குப் புதுப் பலம் வந்துவிடும், மைலேஜ் ஏகமாக உயரும் என்று விற்பவர் சொல்லக்கூடும். அதை நம்பித் தீர்மானம் எழுத வேண்டாம். சரியாக அமைத்த பாயிண்டோடு ஓடும் வண்டிக்கும் இதற்கும் ஓட்டத்தில் பெரிய வேற்றுமை தெரியாது. அந்தச் சரியான நிலை நாளாக நாளாகக் குலையாமல் நிற்கிறது என்பதே இதன் உண்மையான லாபம். எங்கோ சிறு பட்டணத்தில் மெக்கானிக்கைத் தேடி அலையும் சங்கத்துக்கு அது போதுமான லாபமே.

வாங்குமுன் வண்டியைச் சோதிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் கிட் வைப்பது ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதாகும். வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் எடைகள் துருவேறி இறுகியிருந்தாலும் அப்படியே. அடுத்து, வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்றும், பேட்டரியின் எந்த முனை வண்டி உடலோடு இணைந்திருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். அதற்கு வேறு கிட். முனை மாறி இணைத்தால் பெட்டி அந்தக் கணமே கருகிவிடலாம். காயிலின் முதற்சுற்றில் எத்தனை ஓம் மின்தடை என்பதையும் மீட்டர் வைத்து அளந்து, கிட்டோடு வரும் தாளில் கேட்டிருப்பதோடு ஒப்பிடவேண்டும். 12 வோல்ட் காயிலில் 3 ஓம் வரை இருப்பது வழக்கம். தடை குறைந்தால் மின்னோட்டம் மிகுந்து பெட்டி சூடேறும். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் தனியாக ஒரு மின்தடை உண்டு; அங்கே கிட்டின் நேர்முனைக் கம்பியை அந்தத் தடைக்கு முன்னாலேயே இணைக்கவேண்டும்.

பொருத்துவது அரைநாள் வேலைகூட அன்று. பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, பிளக் ஒயர்களுக்கு அடையாளமிட்டுக்கொண்டு தொடங்கலாம்; இந்த எஞ்சினில் பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2. பெட்டி அமரும் தட்டு துருவின்றி உடலோடு நன்கு தொடர்பு கொண்டிருக்கவேண்டும். வளையத்தின்மேல் ரோட்டார் முழுதும் இறங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கவேண்டும். இறங்காத ரோட்டார் மூடியை உடைக்கும். முடிந்தபின் டைமிங் விளக்கு வைத்து, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 5 பாகை முன்னால் பொறி வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அமைக்கவேண்டும். ‘வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதே’ என்று இந்தக் கடைசி வேலையை விட்டுவிடும் மெக்கானிக்குக் கூலி கொடுக்க அவசரப்படவேண்டாம்.

குறைகளையும் சொல்லவேண்டும். பாயிண்ட் கெடும்போது முன்கூட்டியே இருமிக் காட்டும். பெட்டியோ சொல்லாமல் நின்றுவிடக்கூடும். பாயிண்டைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்துக்கூட டிரைவர்கள் வீடு சேர்ந்ததுண்டு. முறையான வழி அன்றுதான். ஆனால் பெட்டிக்கு அந்த வழியும் இல்லை. பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால் வண்டியைத் தள்ளியும் பயனிராது. எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியைத் திறந்தே வைத்தால் சில பெட்டிகள் வெந்துபோகும். ஏற்று இறக்கு நடக்கும்போது சாவியைத் திருப்பிவிட்டு இறங்கும் வழக்கத்தை டிரைவருக்குக் கட்டாயமாக்குக.

வாங்கும் முறை சங்க விதிப்படியே இருக்கட்டும்: எழுத்து மூலம் விலைப்புள்ளிகள், அவற்றில் வோல்ட், பேட்டரி முனை, காயிலின் ஓம் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருத்தல், பின்னர் நிர்வாகக் குழுவின் தீர்மானம். கழற்றிய தட்டு, பாயிண்ட், கன்டென்சர் ஆகியவற்றைப் பழைய இரும்போடு போட்டுவிடாமல் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, 0.020 அங்குல அளவுத்தகட்டோடு வண்டியின் கருவிப்பெட்டியிலேயே வைக்கவேண்டும். பெட்டி வழியில் நின்றுவிட்டால், பழகிய டிரைவர் அவற்றைத் திரும்பப் பூட்டி, டைமிங்கைச் சற்றுத் திருத்தி, சந்தை கூடுமுன் சரக்கைச் சேர்த்துவிடலாம். மாற்றும் வேலை நடக்கும் அன்று டிரைவரும் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொள்ளும்படி செயலாளர் பார்த்துக்கொள்க.