கஞ்சன்ஜங்கா பேஸ் கேம்ப்: நடக்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நேபாளத்தின் கிழக்குக் கோடியில், சிக்கிம் எல்லையில் நிற்கிறது கஞ்சன்ஜங்கா. உயரம் 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது. அதன் வடக்குப் பக்கத்து பேஸ் கேம்பான பாங்பேமா சுமார் 5,140 மீட்டரில் இருக்கிறது. எவரெஸ்ட் பாதையில் உள்ள பேக்கரி, காபிக் கடை எதுவும் இங்கே கிடையாது. போய் வர இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். இந்தப் பாதைக்குச் சாமான் குறைவாகவும் நாட்கள் தாராளமாகவும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே இருப்பவற்றில் பல அதைச் சுற்றியே வரும்.

1. ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதிக்கொண்டு பயணத் திட்டம் போடுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இரண்டாவது இரவும் தங்க வேண்டும். இந்தப் பாதையில் கியாப்லா 2,730 மீட்டர், குன்சா ஏறக்குறைய 3,500, கம்பாசென் 4,050, லோனாக் 4,780. கியாப்லாவிலிருந்து குன்சாவுக்கும், கம்பாசெனிலிருந்து லோனாக்குக்கும் ஒரே நாளில் ஏறும் உயரம் அதிகம் என்பது இதைப் பார்த்தாலே தெரியும். அதனால் குன்சாவில் இரண்டு இரவு, கம்பாசெனில் இரண்டு இரவு கட்டாயம். குன்சாவுக்கு முன்னால் வரும் திபெத்தியக் குடியிருப்பான ஃபாலேயில் தங்க இடம் கிடைத்தால் அங்கேயும் ஒரு இரவு தங்கிவிடுங்கள். டிராவல் ஏஜென்சி தரும் அட்டவணையில் இந்த இரவுகள் இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவைப் பார்க்க வேண்டாம்.

2. ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடக்கும் நாள் இல்லை. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து பழைய இடத்திலேயே தூங்குவது உடம்பு பழக உதவும். கம்பாசெனிலிருந்து ஜன்னு சிகரத்தின் அடிவாரம் வரை போய் வரலாம். நேபாளிகள் கும்பகர்ணன் என்று அழைக்கும் அந்தச் சிகரம் 7,710 மீட்டர். அதன் வடக்குச் சுவரை அண்ணாந்து பார்ப்பதற்காகவே ஒரு நாள் செலவழிக்கலாம்.

3. பாங்பேமாவில் இரவு தங்க ஆசைப்படாதீர்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். லோனாக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, மலையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் லோனாக்குக்குத் திரும்புங்கள். பாறைச் சரிவுகளில் நீல ஆடுகள் மேயும். ஓசையில்லாமல் நடந்தால் கண்ணில் படும்.

4. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, அசாத்திய அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது உயரத்தால் வந்த நோய் என்றே கொள்ளுங்கள். வெயில், தூக்கமின்மை, நேற்றைய சாப்பாடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் தங்குங்கள். மறுநாள் சரியானால் ஏறலாம், மோசமானால் இறங்க வேண்டும். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்திலாவது உடனே கீழே இறக்க வேண்டும். நோயாளியைத் தனியாக அனுப்பக் கூடாது. ஹெலிகாப்டர் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். மேகம் மூடினால் அது வராது.

5. டயாமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இதன் வழக்கமான பக்கவிளைவுகள், பயம் வேண்டாம். தூக்க மாத்திரை கூடாது. மதுவும் கூடாது. லிம்பு மக்கள் வீட்டில் மூங்கில் குவளையில் ஊற்றித் தரும் தோங்பா, கேழ்வரகை நொதிக்கவைத்துச் செய்யும் மது. இறங்கி வரும்போது குடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அன்போடு மறுத்துவிடுங்கள்.

6. ஆக்சிமீட்டர் கொண்டுபோகலாம். ஆனால் குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

7. போக ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். அடுத்து ஏப்ரல், மே. அக்டோபரில் போகிறவர்கள் வங்காள விரிகுடாப் புயல் செய்திகளைத் தவறாமல் கேட்க வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் லா கணவாய்ப் பக்கம் இருந்தவர்கள் உட்பட 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலில் புயல் என்று கேள்விப்பட்டால், குன்சா போன்ற ஊரில் கூரைக்கடியில் இரண்டு நாள் இருந்துவிடுங்கள். மிச்ச நாள் கையில் இருந்தால்தான் அப்படி இருக்க மனம் வரும்.

8. உடற்பயிற்சிக்கு மாடிப்படி போதும். முதுகில் 7, 8 கிலோவோடு ஏறுங்கள், இறங்குங்கள். இறங்குவதுதான் தொடையையும் முட்டியையும் பதம் பார்க்கும், அதை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதமாவது செய்ய வேண்டும். ஊட்டியில் ஏறிப் பழகுவது காலுக்கு நல்லது, ஆனால் உயரத்துக்குப் பழகியதாகாது. தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கியாப்லாவுக்கும் கீழே.

9. சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து பானிடாங்கி, காக்கர்பிட்டா எல்லை வழியாக இலாம், தாப்லேஜுங் என்று ஜீப்பில் போகலாம். கஞ்சன்ஜங்கா வட்டாரம் அனுமதியோடு மட்டுமே நுழையக்கூடிய கட்டுப்பாட்டுப் பகுதி. பதிவு பெற்ற ஏஜென்சி, கைடு, பெர்மிட் மூன்றும் வேண்டும். காத்மாண்டு போகாமல் பெர்மிட் வாங்க முடியுமா என்று ஏஜென்சியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நேபாளத்துக்கு விசா தேவையில்லை என்றாலும் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள்.

10. தாப்லேஜுங்கைத் தாண்டினால் ஏடிஎம் இல்லை. மொத்தப் பணத்தையும் நேபாள ரூபாயாக, சில்லறை நோட்டாக வைத்திருங்கள். நமது 100 ரூபாய்க்கு அவர்களது 160 ரூபாய், இது நிலையான விகிதம். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்கவும் மறக்காதீர்கள்.

11. புது ஷூவோடு கிளம்பாதீர்கள். விரல் முன்னால் இடிக்காத அளவுக்கு அரை சைஸ் பெரிதாக வாங்கி, குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நடக்கும்போது ஏதாவது ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நடங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயன் இல்லை.

12. பருத்தித் துணி இந்தக் குளிருக்கு ஆகாது. வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். உடலை ஒட்டிக் கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவில் ஃபிளீஸ், நிற்கும்போது போட இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைத் தனியாக வைத்து, பகலில் அதைத் தொடாதீர்கள்.

13. ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். ஓடைத் தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் கிருமிகள் சாகும். குளோரின் மாத்திரை போட்டால், தண்ணீர் சில்லென்று இருக்கும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். நார் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் அதற்குமேல் பயன்படாது, வெளியில் பார்த்தால் அது தெரியவும் தெரியாது. ஆகவே இரவில் அதை உறையிலிட்டு உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உலோக பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் கால் பக்கம் வையுங்கள். இரவெல்லாம் சூடு, காலையில் குடிக்க உறையாத தண்ணீர்.

14. 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, அரிசியும் பருப்பும் வேகாமல் நிற்கும். மேல்மலை மக்கள் பார்லியை வறுத்து அரைத்து சாம்பா மாவாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே வெந்த மாவு, சூடான டீயில் பிசைந்தால் சாப்பாடு ஆயிற்று. குன்சாவரை குக்கரில் வெந்த பருப்பும் சோறும் நன்றாகவே கிடைக்கும், இரண்டாம் முறையும் பரிமாறுவார்கள். அதற்கு மேலே உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், சூப் என்று சாப்பிடுங்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே உணவைச் சொன்னால் விறகு மிச்சமாகும், சாப்பாடும் சீக்கிரம் வரும். உயரத்தில் நாக்குச் செத்துப்போகும். சின்ன டப்பாவில் பூண்டுப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கொஞ்சம் கடலை மிட்டாய் இருந்தால் போதும். பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும்.

15. செல்போன், பவர் பேங்க், டார்ச் பேட்டரி எல்லாம் குளிரில் சட்டென்று இறங்கிவிடும். இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள், பகலில் உள்சட்டைப் பைக்குள்.

16. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கீழே பனி இருந்தால் அது திரும்ப முகத்தில் அடிக்கும். பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் லோனாக்குக்கு மேல் போகக் கூடாது. மூக்கின் அடிப்புறத்திலும் தாடைக்குக் கீழேயும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

17. பெண்களுக்கு: உயரத்திலும் உடல் உழைப்பிலும் மாதவிடாய் நாள் முன்பின் ஆகலாம், அதனால் எந்தத் தேதியில் கிளம்பினாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கம் இருந்தால் மாதவிடாய்க் கப் வசதி. பயன்படுத்தியதைக் கறுப்புப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். லாட்ஜ் அடுப்பில் எதையும் போடாதீர்கள், அங்கே அடுப்புத் தீ புனிதமானது.

18. போர்ட்டர் விஷயத்தில் கவனமாக இருங்கள். உங்கள் பையைச் சுமப்பவர் பெரும்பாலும் கீழ்மலைக் கிராமத்துக்காரர். அவருக்கும் உயர நோய் வரும், அவர் விரலும் உறையும். மலைக்காரர் தாங்குவார் என்ற நினைப்பில் பலர் உயிர் போயிருக்கிறது. போர்ட்டர் நலனுக்கான சர்வதேச அமைப்பு நேபாளத்தில் 30 கிலோவை உச்சவரம்பாகச் சொல்கிறது. 20 கிலோவில் நிறுத்துங்கள் என்று நான் சொல்வேன். அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா, எங்கே படுக்கிறார், காலில் என்ன போட்டிருக்கிறார், கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். ஏஜென்சி ஏற்பாடு செய்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். காத்மாண்டுவில் கீப் என்ற அமைப்பு போர்ட்டர்களுக்குக் குளிராடை கொடுத்து வாங்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது, அங்கே கேட்கலாம். தினமும் காலையில் உங்கள் தலைவலியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவருடையதைக் கேளுங்கள். நோய்ப்பட்டால் சம்பளத்தைக் கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது, துணைக்கு ஆள் போக வேண்டும்.

19. குன்சாவுக்கும் கம்பாசெனுக்கும் இடையே மண்சரிவுப் பகுதி வரும். காலையிலேயே, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு, நிற்காமல் கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் மேலே உறைந்த கற்கள் இளகி உருளும். அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

20. 1955 மே 25 அன்று கஞ்சன்ஜங்காவில் முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்களின் நம்பிக்கையை மதித்து உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். அந்த மலைக்கு அப்படிப்பட்ட மரியாதை உண்டு. வழியில் மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவர் வந்தால், பிரதட்சிணம்போல அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். 1997இல் அமைந்த கஞ்சன்ஜங்கா இயற்கைப் பாதுகாப்புப் பகுதி, 2006 செப்டம்பரில் உள்ளூர் மக்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிகழ்ச்சிக்காகக் குன்சா வந்து திரும்பிய ஹெலிகாப்டர் விழுந்து, ஹர்க்க குருங், சந்திர குருங், மிங்மா நோர்பு ஷெர்பா உட்பட 24 பேரும் இறந்தார்கள். நேபாளத்தின் இயற்கைப் பாதுகாப்புக்கு உழைத்தவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

21. திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்பாக இரண்டு நாளாவது காலியாக விட்டு டிக்கெட் போடுங்கள். தாப்லேஜுங் ஜீப் சாலை மழையில் அடைபடும், சுகேதார் விமான நிலையத்தில் மேகம் இறங்கினால் விமானம் வராது. அந்த இரண்டு நாளும் மிச்சமானால் இலாமில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, முட்டி வீக்கம் வடியும்வரை தூங்குங்கள்.