ஜவுளிக்கடையில் நிற்பவர்கள்

 

ரமலானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்களில் நம் குடும்பங்கள்தாம். சிலர் பட்டு எடுக்க ஆரணிக்குப் போகிறார்கள். வேறு சிலர் தி.நகர் ரங்கநாதன் தெரு வரை போய் வருகிறார்கள். பெருநாளைக்கு இருப்பதில் நல்ல ஆடையை உடுத்துவது சுன்னத். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீண்விரயத்தைப் பற்றி வருடா வருடம் பேசுகிறோம், இன்று அதை விட்டுவிடுகிறேன். துணியை விரித்துக் காட்டுகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

சென்ற வருடம் நானும் வீட்டாரும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். சேலைப் பிரிவில் இருந்த பெண் ஸலாம் சொன்னார். நோன்பாளி. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் உட்காரும்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் என் வீட்டார். அந்தப் பெண் மேலே இருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, "வேணாம்க்கா, சூப்பர்வைசர் வந்துடுவார்" என்றார். பக்கத்தில் ஸ்டூல் இருக்கத்தான் செய்தது. அதன் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. முப்பது, நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று எடுத்தோம். வீடு வந்த பிறகுதான் அது உறைத்தது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். அவர்களைத் திரட்டிய விஜி ஒரு தையல் தொழிலாளி. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்பதே அது. மசோதாவைக் கொண்டுவந்தவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன். ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது, பாருங்கள்!

நம் மார்க்கம் இதை எப்போதோ பேசிவிட்டது. ரபதா என்ற ஊரில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், அவர்கள் மீதும் அவர்களின் பணியாள் மீதும் ஒரே விதமான ஆடை இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். முன்பு ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியதையும், நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கண்டித்ததையும் அபூதர் (ரலி) மறைக்காமல் சொன்னார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையும் அவர்களுக்கும் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்பதே அந்தக் கண்டிப்பின் கருத்து. புகாரியில் வரும் ஹதீஸ் இது. அங்கே ஆடையே சமத்துவத்தின் அடையாளமாக இருந்தது. இங்கே நாள் முழுவதும் பட்டை விரித்துக் காட்டும் பெண், தன் பிள்ளைக்குச் சட்டை எடுக்கச் சம்பள நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணி வியாபாரிதானே! குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளி ஹஃப்ஸ் அவர்களிடம் கொடுத்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அந்தத் தொகை முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். இன்று சில கடைகளில் ஒரு பீஸ் காணாமல் போனால் பிரிவில் நின்ற பையனின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். எடுத்தது யார் என்ற விசாரணைகூடக் கிடையாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! ஜும்ஆ பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விடுவது முதலாளிக்கு மட்டும் வந்த கட்டளையில்லை. உங்கள் கடைப் பையனும் இந்த ஸஃப்பில் நிற்க வேண்டியவர். அவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் முன் ஸஃப்புக்கு வந்தால் அந்தப் பொறுப்பு யார் மேல்?

வாங்கப் போகும் நமக்கும் வேலை இருக்கிறது. என்ன விலையில், என்ன நிறத்தில் வேண்டும் என்று வீட்டிலேயே பேசிக்கொண்டு போங்கள். கடை மூடும் நேரத்தில் நுழையாதீர்கள். விரித்ததை எடுக்காவிட்டால் ஒரு வார்த்தை நன்றியாவது சொல்லுங்கள்.

நம் மஹல்லாப் பிள்ளைகள் எந்தெந்தக் கடைகளில் வேலை பார்க்கிறார்கள், அங்கே இருக்கை உண்டா, தொழுகைக்கு விடுகிறார்களா என்று கேட்டு எழுதிவைக்க ஜமாஅத்தில் பேசியிருக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் இன்று இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஆபீஸில் வந்து சொல்லுங்கள். பிள்ளையின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம்.