விற்குமுன் வீட்டை நாமே பார்வையிடுவோம்

அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், பெங்களூரு கண்டோன்மெண்டின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இப்பகுதி, பின்னர் பொறியாளர் மர்பியின் பெயரை ஏற்றது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இத்தகைய பகுதிகளில், தாத்தா கட்டிய தரைத்தளத்தின்மேல் தந்தை ஒரு மாடி எழுப்பியிருப்பார். மகன் அதன்மேல் ஓர் அறை சேர்த்திருப்பார். அவ்வீட்டை விற்று உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்ள முடிவுசெய்ததும் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளையடிப்பதே. ஆனால் அது கடைசியில் செய்யவேண்டிய வேலை.

வாங்குபவர் வங்கிக் கடன் பெறுவாராயின், வீட்டை மூவர் ஆராய்வர்: வாங்குபவர், வங்கியின் மதிப்பீட்டாளர், வங்கியின் வழக்கறிஞர். இம்மூவருக்கும் முன்பாக விற்பவரே அதனை ஆராய்ந்துவிடுதல் நலம்.

ஈரத்தின் வேரை அறிதல்

சுவரில் வண்ணம் உரிந்து, உப்புப் பூத்திருந்தால் எங்கிருந்தோ நீர் வருகிறது என்பது பொருள். கறை கூரைக்கு அருகில் இருந்தால் மொட்டைமாடியின் தளவிரிசலையும் மழைநீர்க் குழாயின் அடைப்பையும் பார்க்கவேண்டும். குளியலறைச் சுவரின் மறுபுறம் இருந்தால் குழாய்க் கசிவைத் தேடவேண்டும். தரையிலிருந்து மேலேறினால் அடித்தளத்து ஈரம். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரின்மேல் சிமெண்டு பூசியிருந்தால், உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். காரணத்தை நீக்கி, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம் பூசவேண்டும். ஈரச் சுவரில் பூசிய வண்ணம் அடுத்த மழைக்கே உண்மையைச் சொல்லிவிடும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறைகளை வெளிப்படுத்தவேண்டும் என்கிறது. உரிமையில் உள்ள குறைக்கும் இது பொருந்தும். அறிந்தே மறைத்தல் மோசடியாகக் கருதப்படும். ஆகவே பழுதைச் சீர்செய்யலாம். இயலாவிடில் சொல்லி விலையில் குறைத்துக்கொள்ளலாம். மறைப்பது மட்டும் கூடாது.

அளவு பேசும் கணக்கு

ஓர் அளவுநாடாவால் வீட்டை அளந்து, கிரயப்பத்திரத்தில் உள்ள அளவுகளோடும் நாற்புற எல்லைகளோடும் ஒப்பிடுங்கள். பொதுச்சுவர் யாருடையது, மேல்தளத்திற்கு வரைபட ஒப்புதல் உண்டா, சொத்துவரி அத்தளத்திற்கும் செலுத்தப்படுகிறதா எனப் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதைக் கணக்கே காட்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 60 லட்சம் என நாம் விலைபேசிய வீட்டை மதிப்பீட்டாளரும் 60 லட்சம் என மதித்தால் 48 லட்சம் வரை கடன் கிடைக்கலாம். ஒப்புதலற்ற பகுதியைக் கணக்கில் கொள்ளாமல் அவர் 50 லட்சம் என்றால், உச்சவரம்பு 40 லட்சமாகிவிடும். எஞ்சிய 8 லட்சத்தை வாங்குபவர் திடீரெனத் திரட்ட இயலாது. அங்கேதான் பல பேரங்கள் முறிகின்றன.

ஆவணக் கோப்பு

வீட்டைப் பெருக்குமுன் கோப்பை ஒழுங்குபடுத்துங்கள்.

• மூலப்பத்திரம் முதல் இன்றைய கிரயப்பத்திரம் வரையிலான தொடர்ச்சி.
• வில்லங்கச் சான்று.
• மாநகராட்சிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரைக் காட்டும் காத்தா. பெங்களூரில் பத்திரப் பதிவுக்கு இப்போது மின்னணுக் காத்தா தேவைப்படுகிறது.
• சொத்துவரி, மின்கட்டணம், குடிநீர்க் கட்டண ரசீதுகள்.

காத்தா இன்னும் காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருந்தால், இறப்புச் சான்றும் வம்ச விருட்சச் சான்றும் பெற்று முதலில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். உயில் இல்லையெனில், திருமணமாகிச் சென்ற சகோதரிகள் உள்ளிட்ட சட்டப்படியான வாரிசுகள் அனைவரின் ஒப்பமும் தேவை. இதனை முன்பணம் வாங்கியபின் கேட்கச் சென்றால், நியாயமான பங்கும் பேரமாக மாறிக் குடும்பத்தில் மனக்கசப்பு மூளும். முன்கூட்டியே அமர்ந்து பேசினால் அது வெறும் கையொப்பமே.

வீட்டின்மீது பழைய கடன் இருந்து முடிந்திருந்தால், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் நீங்கியுள்ளதா என உறுதிசெய்யுங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தாமதம் வங்கியினுடையதாயின் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது.

பார்வையிடும் நாளில்

சன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லாக் குழாய்களும் விளக்குகளும் இயங்குகின்றனவா எனச் சோதியுங்கள். நிலத்தடி நீர்த்தொட்டியின் மூடி, மின்மானி, மொட்டைமாடிக் கதவு ஆகியவற்றின் முன் அடுக்கிய பழம்பொருள்களை அகற்றுங்கள். மதிப்பீட்டாளர் காண விரும்புவன இவையே. செய்த பழுதுகளின் ரசீதுகளையும் கோப்பில் வையுங்கள்.

தாத்தா கல்லடுக்கிக் கட்டிய வீடு இன்னொரு குடும்பத்தின் கைக்குச் செல்கிறது. அவர்களும் இருபது ஆண்டுகள் கடன் கட்டப்போகிறவர்களே. குறையையும் நிறையையும் சொல்லிக் கொடுத்த வீடு, விற்றபின் நமக்கு ஒரு வழக்காகத் திரும்பி வருவதில்லை.