பூனைக்குட்டியைப் பழக்குதல்

மனிதரோடு வாழும் உயிர்கள் பல. அவற்றுள் ஆவும் எருமையும் தொழுவத்தில் கட்டப்படுவன. கோழி கூட்டில் அடைக்கப்படுவது. நாய் வாயிலிற் காவல் நிற்பது. கட்டும் கூடும் இன்றி, அடுக்களை முதல் திண்ணை வரை தன் விருப்பம்போல் உலவும் உரிமை பெற்றது பூனை ஒன்றே. இவ்வுறவு நேற்றுத் தோன்றியதன்று. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றை ஆராய்ச்சியாளர் அகழ்ந்தனர். மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டிற்கு அருகே பூனை ஒன்றின் எலும்புக்கூடும் அங்கு இருக்கக் கண்டு, அச்செய்தியை 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர்.

நம் தமிழிலும் பூனைக்குப் பெயர்கள் பல உண்டு. பூசை, வெருகு என்பன பழம் பெயர்கள். ஆண்பூனையைக் கடுவன் என்பர். வெருகின் இளமையைக் குட்டி என்றும் பறழ் என்றும் வழங்கும் மரபினைத் தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகின்றது. சிற்றுயிரின் இளமைக்கும் தனிப் பெயர் வகுத்த நம் முன்னோர், அதனை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்! அந்த நோக்கு இன்று நமக்கும் வேண்டும்.

புதிதாக ஒரு குட்டியை வீட்டிற்குக் கொண்டு வந்தால், அது முதலில் அஞ்சி நெற்குதிரின் பின்னோ கட்டிலின் கீழோ பதுங்கும். சில நாட்களில் அச்சம் தெளியும். அதன்பின் நடப்போர் காலின்மீது பாயும். நீட்டிய கையைப் பற்றிக் கடிக்கும். பின்னங்கால்களால் உதைத்துப் பிறாண்டும். வீட்டார் சினங்கொண்டு, ‘இது பொல்லாத குட்டி’ எனத் தீர்ப்புக் கூறிவிடுவர். சாக்கில் இட்டுக் கட்டி, ஊர்ப்புறத்திலோ சந்தைத் திடலிலோ விட்டுவிட்டு வருவாரும் உளர். தாயின் காப்பும் இன்றி, இரைதேடும் திறனும் நிரம்பாத அக்குட்டி, நாய்க்கோ வண்டிக்கோ பசிக்கோ பலியாகின்றது. தன் குற்றம் இன்னதென்று அறியாமலே அது தண்டனை அடைகின்றது. ஆகலின், குட்டி ஏன் கடிக்கின்றது என்பதை முதற்கண் ஆராய்வோம்.

பூனை வேட்டையாடி வாழப் பிறந்த உயிர். அதன் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்களும், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்களுமாகப் பதினெட்டு நகங்கள் உள்ளன. வாள் உறையுள் அடங்குவதுபோல் இவை வேண்டாதபோது உள்ளடங்கும்; வேண்டும்போது வெளிப்படும். பால்பற்கள் 26, அவை விழுந்து முளைக்கும் நிலையான பற்கள் 30. நான்காம் மாத அளவில் தொடங்கி ஏழாம் மாதத்திற்குள் இம்மாற்றம் நிகழும். அக்காலத்தில் ஈறு உறுத்துவதால், குட்டி எதையேனும் கடித்துக்கொண்டே இருக்க விரும்பும்.

பதுங்குதல், பாய்தல், பற்றுதல், கடித்தல் ஆகிய நான்கும் வேட்டையின் படிகள். விளையாட்டே குட்டிக்கு இவற்றைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம். அசைவது எதுவாயினும் அதன் கண்ணுக்கு இரையே. ஆடும் முந்தானையும், சுருண்டு கிடக்கும் கயிறும், போர்வைக்குள் அசையும் கால்விரலும் அதற்கு ஒன்றே. எனவே, அது கடிப்பது பகைமையால் அன்று என்பது தெளிவு.

அப்படியாயின், எல்லாக் குட்டிகளும் ஒரே அளவாகக் கடியாமைக்குக் காரணம் யாது? தாய்ப்பூனையை உற்று நோக்குக. எலியைக் கொல்லும் அதே பற்களால் தன் குட்டியைக் கவ்வி இடம் மாற்றுகின்றது. குட்டியின் மேனியில் ஒரு கீறலும் விழுவதில்லை. கடியின் வன்மையை அளந்து பயன்படுத்தும் இவ்வறிவைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்கின்றது. ஒரு குட்டி மிகுதியாகக் கடித்தால் மற்றது கத்தும். பிறகு ஆட்டத்தை விட்டு அகலும். ‘வன்மையாகக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும்’ என்னும் பாடம் இவ்வாறு பதிகின்றது. எட்டு வாரம் நிரம்புமுன்னே தாயைப் பிரிந்த குட்டி இப்பாடத்தை முற்றக் கல்லாது வருகின்றது. இயலுமாயின் பன்னிரண்டு வாரம் வரை தாயோடு விடுதல் நன்று. ஓர் ஈற்றுக் குட்டிகள் இரண்டினைச் சேர்த்து வளர்த்தால், அவை ஒன்றற்கொன்று ஆசிரியராகும். தனிக்குட்டியாயின், அவ்வாசிரியர் பொறுப்பு நம்முடையதாகும்.

இனி, கற்பிக்கும் முறையைக் காண்போம். முதலாவது, கையையும் காலையும் விளையாட்டுப் பொருள் ஆக்குதல் கூடாது. இரண்டு மாதக் குட்டி விரலைக் கடிக்கும்போது கூசுகின்றது என்று சிரிக்கின்றோம். அதுவே எட்டாம் மாதத்தில் குருதி வரக் கடித்தால் அடிக்கின்றோம். நாம் கற்பித்ததையே அது செய்தது. கைக்கு மாறாக, ஒரு கோலின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணிப்பந்தையோ கோழியிறகையோ பிணைத்துத் தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டுக. இறுதியில் குட்டி அதனைப் பற்றிக்கொள்ள விடுக. விளையாட்டு முடிந்ததும் கயிற்றை அதற்கு எட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. விழுங்கிய கயிறும் நூலும் குடலைச் சுருக்கி உயிர்க்கே இறுதி விளைக்கும்.

இரண்டாவது, காலம் அறிந்து ஆடுதல். வைகறையிலும் அந்தியிலும் பூனைக்கு ஊக்கம் மிகும். அவ்வேளைகளில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியாட விட்டு, அதன்பின் உணவு இடுக. வேட்டையாடி உண்ட பூனை தன் மேனியை நக்கித் தூய்மை செய்துகொண்டு உறங்கும்; இஃது அதன் இயல்பு. உறங்கும் குட்டி யார் காலையும் கடிப்பதில்லை.

மூன்றாவது, கடித்தபோது செய்ய வேண்டுவது. கையை வெடுக்கென இழுத்தல் ஆகாது. தப்பியோடும் இரையைப் பற்றுவதே பூனையின் இயற்கையாதலின், இழுக்கும்தோறும் அதன் பிடி இறுகும்; கீறலும் நீளும். கையை அசையாது வைத்தால் பிடி தளரும். தளர்ந்ததும் மெல்ல எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாது எழுந்து சென்றுவிடுக. சிறிது நேரம் கழித்து, அது அமைதியுற்றபின் விளையாட்டுப் பொருளைக் காட்டுக. உடன்பிறந்த குட்டி கற்பிக்கும் பாடத்தையே நாமும் இவ்வாறு கற்பிக்கின்றோம். வீட்டிலுள்ளோர் அனைவரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும். அக்காள் தடுக்க, தம்பி விரலை நீட்டி விளையாடினால், குட்டி எதனைக் கற்கும்?

‘அடியாத மாடு படியாது’ என்பது பழமொழி. பூனைக்கு அது பொருந்தாது. உணவிடும் கையே ஓங்குமாயின், குட்டி அக்கையையே அஞ்சக் கற்கும். விளையாட்டாகக் கடித்தது, பிறகு தற்காப்பிற்காகக் கடிக்கும். பின்னது முன்னதினும் கொடிது. முகத்தில் நீர் தெளித்தலும், கழுத்தைப் பிடித்து உலுக்குதலும் இத்தகையனவே.

பூனைக்குப் பேச்சு இல்லை எனினும் குறிப்பு உண்டு. தடவிக் கொடுக்கும்போது வாலை இருபுறமும் வீசி அடித்தல், செவிகளைப் பின்புறம் மடக்குதல், முதுகுத் தோல் சிலிர்த்து நெளிதல், கண்மணி விரிதல் ஆகியவை ‘போதும்’ என்பதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் கையை எடுத்துவிட்டால் கடிக்கு இடமில்லை. அமைதியாக இருந்த பூனை திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், அதன் உடலில் ஏதேனும் வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் கடமை.

பிறாண்டுதலை அறவே ஒழித்தல் இயலாது, ஒழிக்கவும் கூடாது. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறுக்கவும், உள்ளங்காலிலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதித்துத் தன் இடம் இதுவெனக் காட்டவும் பூனை பிறாண்டுகின்றது. ஆடாத மரத்தூண் ஒன்றில் தேங்காய்நார்க் கயிற்றை நெருங்கச் சுற்றி, அது உறங்கும் இடத்திற்கு அருகில் நிறுத்துக. பூனை நிமிர்ந்து உடலை நீட்டும் அளவிற்குத் தூண் உயரமாதல் வேண்டும். அதிற் பிறாண்டும்போது பாராட்டி ஒரு துண்டு மீன் கொடுத்தால், நாற்காலியும் பாயும் தப்பும். நகநுனியைப் பெரியவர்களைக் கொண்டு வெட்டிவிடலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தோன்றும் பகுதியில் குருதிக்குழாயும் நரம்பும் உள்ளமையால், தெளிந்த நுனியை மட்டுமே வெட்டுக. சில நாடுகளில் நகத்தை வேரோடு நீக்கும் வழக்கம் இருந்தது. அது நகத்தோடு விரலின் கடைசி எலும்பையும் வெட்டுவதாகும். அக்கொடுமையை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது.

மாணவர்களே! இப்பாடத்தின் தலையாய பகுதி இனி வருவது. பூனையின் பல் ஊசிபோல் கூரியது. புண் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். அதனால் சீழ் பிடித்தல் எளிது. அதனினும் கொடியது வெறிநாய்க்கடி நோய். பெயர் நாயைச் சுட்டினும், பூனையின் கடியாலும் கீறலாலும் அந்நோய் பரவக்கூடும். நோய்க்குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காத்துக்கொள்ளலாம். லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885-ஆம் ஆண்டில் நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு இத்தடுப்பூசியை இட்டுக் காத்தார். அவர் பெயரால் நம் நீலகிரியில், குன்னூரில், 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் தோன்றியது.

எனவே, கடிபட்டாலும் கீறல் விழுந்தாலும், உடனே சோப்பு இட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவுக. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் ஆகாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் ஊசிகளை, கூறிய நாட்களில் தவறாது போட்டுக்கொள்க. குட்டிக்கும் மூன்றாம் மாத அளவில் தடுப்பூசி போடுதல் வேண்டும்.

‘சொன்னால் குட்டியை விரட்டிவிடுவார்களே’ என்று அஞ்சிக் கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அன்பினால் விளைந்த அம்மறைப்பு உயிரையே பறிக்கக்கூடும். மறையாது சொல்லுங்கள். அதனோடு, குட்டி ஏன் கடித்தது என்பதையும், அதனைத் திருத்தும் வழி இன்னது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். காரணம் அறிந்த பெரியவர்கள் சாக்கைத் தேடமாட்டார்கள்.

தாய் கற்பிக்க வேண்டிய பாடத்தை முடிக்குமுன்னே நம்மிடம் வந்து சேர்ந்த உயிர் அது. எஞ்சிய பாடத்தைச் சினமின்றி, நாள்தோறும் ஒரே முறையாகக் கற்பித்தால், சில வாரங்களிற் கடி குறையக் காண்பீர்கள். பல்லும் நகமும் அப்படியே இருக்கும். அவற்றை நம்மிடம் அடக்கிக்கொள்ளும் பண்பு வளர்ந்திருக்கும்.