அந்த ஐந்து நிமிடம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. "அப்பா எழுந்து ரெண்டு எட்டு வெச்சதும் அப்படியே மடங்கிட்டார், கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. உன் மாமாவிடம் நான் பார்த்ததும் இதுதான்.

அவருக்கு எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்ப்பார்கள். 130 இருக்கும், நார்மல் என்பார்கள். பாத்ரூம் வாசலில் விழுந்து நெற்றியில் 4 தையல் போட்ட பிறகுதான் ஒரு நர்ஸம்மா படுக்க வைத்து அளந்தார், பிறகு நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்தார். படுக்கையில் 146, நின்றதும் 104! மேல் அளவு 20, இல்லை கீழ் அளவு 10 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். நீயும் அப்பாவுக்குக் காலையில் கண் விழித்தவுடன் அப்படி அளந்து, நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டு.

எழுந்து நின்றால் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். நரம்புகள் உடனே ரத்தக் குழாயை இறுக்கினால்தான் மூளைக்குப் போதிய அளவு போகும். மாமாவுக்கு வந்த லூயி பாடி வகை மறதியில் அந்த நரம்புகளே தளர்ந்துவிடுகின்றன.

நமக்கென்றால் "கண்ணை இருட்டுது" என்போம். அவருக்கு அந்தச் சொல் வராது. பேச்சு பாதியில் நிற்கும், பார்வை எங்கோ நிலைகுத்தும், பிடரியைத் தடவுவார். அப்போதே உட்கார வைத்துவிடு. "மெதுவா எழுந்திருங்க" என்று கத்திப் பயனில்லை, சொன்னது அடுத்த நொடியே மறந்துபோகும். நான் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். ஊதுவார், வேட்டி நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். அதற்குள் நான் அவர் பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிடுவேன். ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

இதயம், கிட்னி கோளாறு இருந்தால் தண்ணீர், உப்பு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போ. பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், மனநல மாத்திரைகள் எல்லாமே இந்தப் பிரஷர் இறக்கத்தைக் கூட்டலாம். நீயாக ஒன்றையும் நிறுத்தாதே. வயிறு முட்டச் சாப்பிட்டதும், வெந்நீரில் குளித்ததும் தனியே நடக்க விடாதே. ராத்திரி சிறுநீருக்குக் கட்டிலருகிலேயே பாத்திரம் வை.

மயங்கினால் தூக்கி உட்கார வைக்க ஆள் ஓடி வரும், விடாதே. படுக்க வைத்துக் காலை உயர்த்து. தலையில் அடிபட்டாலோ சட்டென்று தெளியாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடு.

அண்ணன் கண்ணாடி போடாதவர். ஆனால் தினமும் சாவி கொடுப்பாரே ஒரு பழைய கைக்கடிகாரம், அது பீரோவில் இன்னும் இருக்கிறதா? தேடிப் பார்.

உன் அத்தை